ரோசாப்பூப் பட்டதாரி

டோஹா
18.01.2009

அன்புள்ள நதீரா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் இங்கே அல்லாஹ்வின் கிருபையால் சுகம். உங்கள் முழங்கால் வலி, கலந்தர் மச்சானின் பிரஷர், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் எப்படி என்று எழுதுங்கள். இங்கே கம்பெனியில் என்னோடு இருக்கிற நம் ஊர் றஸாக் லீவில் வருகிறான். இதை அவனிடம் கொடுத்து விடுகிறேன். போனில் கதைக்கலாம்தான். ஆனால் மச்சான் போனை ஸ்பீக்கரில் போடுவதால் நான் கதைப்பது சாய்ந்தமருது முழுக்கக் கேட்கிறது.

ஒரு நல்ல செய்தி. இத்தனை வருடம் ஸ்டோரில் ஆணியும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த என்னை ஸ்டோர்ஸ் மனேஜர் ஆக்கிவிட்டார்கள். ஏ.சி. அறை, மேசை, மேசையில் என் பெயர். உம்மா இருந்திருந்தால் அந்தப் பெயர்ப் பலகையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருப்பா.

உங்களுக்கும் ஒரு யோசனை சொல்கிறேன். இப்போது இன்டர்நெட்டில் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. வகுப்பு இல்லை, பரீட்சை இல்லை. நாம் செய்த வேலையையும் அனுபவத்தையும் எழுதி அனுப்பினால், அதைப் பார்த்துப் பட்டம் தருகிறார்கள். இங்கே பலர் எடுத்திருக்கிறார்கள். சுனாமிக்கு மறுநாளிலிருந்து நீங்கள் அகதி முகாமில் செய்த வேலையை எந்தக் கம்பஸ் படிப்பிக்கும்? அதற்கு ஒரு பட்டம் கிடைத்தால் என்ன பிழை?

எல்லோருக்கும் ஸலாம் சொல்லுங்கள்.

அன்புத் தம்பி,
மிஹ்லார்

*

சாய்ந்தமருது
08.02.2009

அன்புத் தம்பிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நாங்கள் எல்லோரும் சுகம். முழங்கால் மட்டும் மழைக்கு ஒரு கதை, வெயிலுக்கு ஒரு கதை சொல்கிறது. மச்சானின் பிரஷர் புடவைக் கடையில் யாவாரம் நடக்கிற நாளில் இறங்குகிறது, நடக்காத நாளில் ஏறுகிறது. உனக்கு வயிற்று எரிச்சல் குறைந்ததா?

நீ மனேஜர் ஆன செய்தியை மச்சான் ஸ்பீக்கர் இல்லாமலே கல்முனை பஸார் வரைக்கும் கொண்டுபோய்விட்டார். எனக்கும் சந்தோசம் தாங்கவில்லை. கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன்.

பட்டத்தைப் பற்றி நீ எழுதியது சரியான நேரத்தில் வந்திருக்கிறது, அதனால்தான் பயமாகவும் இருக்கிறது. எங்கள் தொண்டு நிறுவனத்தின் திட்டம் ஜூனோடு முடிகிறது. சுனாமிக்கு வந்த வெள்ளைக்காரர்கள் எல்லாம் மூட்டை கட்டுகிறார்கள். அதே பெண்கள் குழுக்களை இன்னொரு நிறுவனம் பொறுப்பெடுக்கப் போகிறதாம். மாவட்ட இணைப்பாளர் என்று ஒரு பதவி வரும், பட்டதாரியாக இருக்க வேண்டும். நான் ஏ.எல். பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள். வேலை போனால் வீட்டில் இருக்கலாம்தான், பட்டினி கிடக்க மாட்டோம். ஆனால் காலையில் குடையை எடுத்துக்கொண்டு கிளம்ப ஓர் இடம் இல்லாமல் என்னால் இருக்க முடியாது. உனக்கு அது தெரியும்.

இரண்டு கேள்வி. ஒன்று, அந்தப் பட்டம் இங்கே செல்லுமா? இரண்டு, பலர் எடுத்திருக்கிறார்கள் என்கிறாய், அந்தப் பலரில் நீயும் ஒருவனா?

பதில் போடு. வேளைக்குச் சாப்பிடு.

ராத்தா,
நதீரா

*

டோஹா
27.02.2009

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதம் கண்டு மகிழ்ச்சி. வயிற்று எரிச்சல் இல்லை. முழங்காலுக்கு இங்கே ஒரு தைலம் இருக்கிறது, அடுத்து வருகிறவனிடம் கொடுத்து விடுகிறேன்.

நீங்கள் ஒன்றும் யோசிக்க வேண்டாம். உங்கள் விவரம் எல்லாம் எனக்கு மனப்பாடம். பாலர் பாடசாலையில் படிப்பித்தது, முகாமில் பெயர் பதிந்தது, பெண்கள் குழு நடத்தியது எல்லாவற்றையும் நானே எழுதி அனுப்பிவிட்டேன். மறுநாளே பதில் வந்துவிட்டது. உங்களைத் தெரிவு செய்துவிட்டார்கள். எவ்வளவு வேகம் பாருங்கள்!

செல்லுமா என்று கேட்டீர்கள். சர்வதேசப் பட்டம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். நம் நாடும் சர்வதேசத்துக்குள்தானே இருக்கிறது?

இங்கே குளிர் போய் வெயில் தொடங்குகிறது. ஏ.சி. இருப்பதால் எனக்குப் பிரச்சினை இல்லை. பிள்ளைகளுக்கு முத்தம்.

தம்பி,
மிஹ்லார்

*

சாய்ந்தமருது
05.04.2009

அன்புத் தம்பி மிஹ்லாருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம், உன் சுகத்துக்குத் துஆச் செய்கிறோம். இதை நீ கதிரையில் நன்றாகச் சாய்ந்திருந்து வாசி.

பட்டம் வந்துவிட்டது. கூரியர்காரப் பொடியன் கையெழுத்து வாங்கும்போது அயல் பெண்கள் எல்லோரும் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். தடித்த கடதாசி, தங்க நிற முத்திரை, கீழே மூன்று பேர் கையெழுத்து. மூன்றும் ஒரே ஆள் போட்டதுபோல எனக்குத் தோன்றியது. அது என் குறுக்குப் புத்தியாக இருக்கலாம். நான் சமூக அபிவிருத்தியில் கலைமாணியாம், அதுவும் முதல் வகுப்பில். புள்ளிப் பட்டியலும் இருக்கிறது. புள்ளிவிபரவியலில் எனக்கு ஏ. ஓ.எல். பரீட்சையில் கணக்குப் பாடம் எனக்கு எத்தனை தரம் தண்ணி காட்டியது என்று உனக்குத் தெரியும். அந்தப் பல்கலைக்கழகம் என்னை நேரில் பார்த்திருந்தால் ஏ கொடுத்திருக்குமா?

அதை அலுமாரியில் வைத்துவிட்டு உன்னிடம் கேட்டு முடிவு செய்யலாம் என்றிருந்தேன். மச்சான் விட்டாரா? இங்கே ஒருவன் கம்பஸுக்குத் தெரிவானாலே சந்தியில் பெனர் கட்டுகிறவர்கள் நம்மவர்கள். சொந்தப் பெண்சாதி பட்டதாரி ஆனால் சும்மா இருப்பாரா? வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஆட்கள் வெளியே வரும்போது சந்தியில் பெனர் தொங்குகிறது. ஒரு மினிபஸ் நீளம். ‘எமது மண்ணின் மங்கை, பட்டதாரி நதீரா கலந்தர் அவர்களை வாழ்த்துகிறோம்.’ பெண்பிள்ளையின் படத்தைச் சந்தியில் போட முடியாதல்லவா? என் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய ரோசாப்பூ. பக்கத்தில் மச்சானின் படம், கோட் போட்டு. அந்தக் கோட் அவருடையதல்ல, பெனர் அடிக்கிற கடையில் கம்பியூட்டரில் போட்டுவிட்டதாம். பல்கலைக்கழகத்தின் பெயர் மூன்று வரிக்கு ஓடுகிறது.

கோபத்தில் நான் அவரோடு கதைக்கவில்லை. பிறகு ஆட்டோவில் போகும்போது நானே தலையை நீட்டி அந்தப் பெனரைப் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன், ஒரு நிமிசம் நெஞ்சு நிறைந்துதான் போனது.

இப்போது வீட்டில் ஒரே சனம். மேசன் சீனிமுகம்மது காக்கா வந்து, “நதீரா மகள், நானும் இருவது வரிசமா வூடு கட்டுறன். எனக்கும் ஒரு இஞ்சினியர் பட்டம் எடுத்துத் தர ஏலாதா? தம்பிக்கிட்ட ஒரு சொல்லுச் சொல்லுங்க” என்று கேட்கிறார். பக்கத்து வீட்டு றுகையா, “எனக்கும் ஒன்டு எடுத்துத் தாகா. ஒம்பது புள்ள வளத்திரிக்கன், டொக்டர் பட்டமே தரலாம்” என்கிறாள். சிரித்துச் சமாளித்தேன்.

போன கடிதத்தில் ஒரு கேள்விக்கு நீ பதில் எழுத மறந்துவிட்டாய்.

உன் ராத்தா,
நதீரா

*

சாய்ந்தமருது
24.05.2009

அன்புத் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன்னிடமிருந்து கடிதம் இல்லை, போன் எடுத்தால் “பிறகு கதைக்கிறேன்” என்கிறாய். சுகமில்லையா? இருந்தால் மறைக்காமல் எழுது.

யுத்தம் முடிந்துவிட்டது என்று நீ அங்கே ரீவியில் பார்த்திருப்பாய். கடைத்தெருவில் வெடி கொளுத்தினார்கள், பாற்சோறு கொடுத்தார்கள். இனி இருட்டுவதற்கு முன் பஸ் பிடிக்க ஓட வேண்டியதில்லை என்று எனக்கும் நிம்மதிதான். ஆனால் என்னோடு வேலை செய்கிற காரைதீவுத் தங்கேஸ்வரி அன்று முழுக்கப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தங்கச்சி குடும்பம் கிளிநொச்சிப் பக்கம் இருந்தது. நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துப் பக்கத்தில் இருந்தேன். வேறென்ன செய்ய? முந்தாநாள்தான் தகவல் வந்தது, வவுனியாவில் முகாமில் இருக்கிறார்களாம். உயிரோடு.

அந்தச் செய்தி வந்த பிறகுதான் அவள் என் பட்டத்தின் கதைக்கு வந்தாள். அவளுடைய அக்கா மகன் வினோஜ் கம்பியூட்டர் கடை வைத்திருக்கிறான். அவனைக் கொண்டு அந்தப் பல்கலைக்கழகத்தைத் தேடச் சொன்னோம். அழகான கட்டடப் படம் வந்தது. அதே கட்டடம் வேறொரு நாட்டு ஹோட்டலின் இன்டர்நெட் பக்கத்திலும் இருக்கிறது என்று காட்டினான். முகவரி என்று ஒரு தபால் பெட்டி இலக்கம் மட்டும். “நதீரா, கம்பஸ் என்டா ஒரு கேற்றாவது இருக்கோணுமே, வாச்சரோட” என்றாள் தங்கேஸ்வரி. அவள் ஒலுவில் கம்பஸில் வெளிவாரியாகப் பதிந்து, சனி ஞாயிறில் பஸ் ஏறி ஏறிப் பட்டம் எடுத்தவள். வேலை அனுபவத்தை மதிக்கிற உண்மையான கம்பஸும் வெளிநாட்டில் இருக்கிறதாம், ஆனால் அங்கேயும் நாம் ஏதாவது பரீட்சை எழுதிக் காட்ட வேண்டுமாம். காசைத் தவிர ஒன்றும் கேட்காமல் கொடுக்கிறவன் கொடுப்பது பட்டம் இல்லையாம்.

இணைப்பாளர் பதவிக்கு விண்ணப்பம் கேட்டிருக்கிறார்கள். போட்டால் பட்டத்தின் போட்டோப் பிரதியும் இணைக்க வேண்டும். மச்சான், “போடு புள்ள, ஊரே வாழ்த்தின பட்டம்” என்கிறார். எனக்கு அந்த வேலை வேண்டும் தம்பி, மிகவும் வேண்டும். அதனால்தான் என் மனசை நானே நம்பவில்லை. நீ சொல்லு. போடட்டுமா?

ராத்தா,
நதீரா

*

டோஹா
10.06.2009

ராத்தாவுக்கு,

ஸலாம். நான் சுகம்.

அந்தப் பட்டத்தைப் போடாதீர்கள். அலுமாரியை விட்டு வெளியே எடுக்க வேண்டாம். காரணம் கேட்காதீர்கள். மச்சான் கோபித்தால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

இனிக் கடிதத்தை உறையில் உள்ள முகவரிக்குப் போடுங்கள்.

மிஹ்லார்

*

சாய்ந்தமருது
28.06.2009

அன்புத் தம்பிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். எல்லோரும் சுகம். இப்போது கச்சான் காற்று, வாயைத் திறந்தால் மண். சின்னவள் குர்ஆன் ஓதி முடிக்கப் போகிறாள்.

நீ சொன்னபடியே செய்தேன். கல்வித் தகைமை என்ற இடத்தில் ஏ.எல். என்று எழுதினேன். கீழே அனுபவத்தைப் பக்கம் பக்கமாக எழுதினேன். நானே எழுதியது, பொய் ஒன்றும் இல்லை. தபாலில் போட்டுவிட்டு வந்து, அடுப்படியில் நின்று கொஞ்சம் அழுதேன். கூப்பிட மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

பெனரைக் கழற்றச் சொன்னால் மச்சான், “நம்மட ஊர்ல பெனர ஆரு அவுத்த? காத்துத்தான் அவுக்கும்” என்கிறார். அதுவும் உண்மைதான்.

நீ காரணம் கேட்க வேண்டாம் என்றாய், நான் கேட்கவில்லை. உறையில் உள்ள முகவரியை மட்டும் பார்த்தேன். றஸாக் இருக்கிற தொழிலாளர் கேம்ப்தான் அது, ஓர் அறையில் எட்டுப் பேர். அங்கே வெயில் கூடாமல் இருக்க வேண்டும். வேளைக்குத் தண்ணீர் குடி. எவ்வளவு வேலை இருந்தாலும் மாதம் ஒரு கடிதம் போடு.

ராத்தா,
நதீரா

*

சாய்ந்தமருது
09.08.2009

அன்புத் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு நெருங்குகிறது, உன் உடம்பைக் கவனி. எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை.

என்னைக் கூப்பிட்டார்கள்! அம்பாறையில் நேர்முகப் பரீட்சை. மச்சான் கடையைப் பூட்டிவிட்டுக் கூட வந்து, வெளியே வேப்பமரத்தடியில் நின்று தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்தவர் கொழும்பிலிருந்து வந்தவர், தமிழ் நன்றாகக் கதைத்தார். முகாம், பெண்கள் குழு, சேமிப்பு என்று கேட்டார்கள். அதெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு, சொன்னேன். பிறகு அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:

“நேற்று உங்கள் ஊர் வழியாகத்தான் வந்தோம். சந்தியில் ஒரு பெனர் பார்த்தோம். அந்த ரோசாப்பூ நீங்கள்தானா?”

நான் முக்காட்டை இழுத்துச் சரிசெய்தேன்.

“விண்ணப்பத்தில் பட்டம் இல்லை, பெனரில் இருக்கிறது. எது சரி?” என்றார். குரலில் கோபம் இல்லை. ஆம், பட்டம் இருக்கிறது, இணைக்க மறந்துவிட்டேன் என்று ஒரு சொல் சொன்னால் போதும்போல இருந்தது. அந்தச் சொல் நாக்கு நுனி வரை வந்தது தம்பி. உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வேன்?

“ஓம் சேர், ரோசாப்பூ நான்தான். பட்டதாரி நானில்ல” என்றேன். “அது என்ட தம்பி என்மேல வெச்ச பாசத்துல எடுத்துத் தந்த. பாசத்தக் கொண்டுவந்து கல்வித் தகைமையில எழுதப்படாதுதானே?”

மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். வெளியே மச்சான் கேட்டு, வேலை கிடைத்துவிட்டது என்று நினைத்து அல்ஹம்துலில்லாஹ் சொன்னாராம்.

இணைப்பாளர் வேலை கிடைக்கவில்லை. மட்டக்களப்பிலிருந்து வந்த ஒரு பட்டதாரிப் பிள்ளைக்குக் கொடுத்தார்கள், கெட்டிக்காரி. எனக்கு அவளுக்குக் கீழே கள உத்தியோகத்தர் வேலை. அதே குழுக்கள், அதே பெண்கள், அதே குடை. எனக்கு இது போதும். நான் மனம் நிறைந்துதான் எழுதுகிறேன். அன்று பின்னேரமே மச்சான் ஏணி வைத்துப் பெனரைக் கழற்றினார். அதை இப்போது சீனிமுகம்மது காக்கா சீமெந்து மூட்டைக்கு மேல் போட்டிருக்கிறார்.

ராத்தா,
நதீரா

*

டோஹா
30.08.2009
நோன்பு 9

என் அன்பு ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு நல்லபடி போகிறது. எட்டுப் பேரும் சேர்ந்து கஞ்சி காய்ச்சுகிறோம். உங்கள் கஞ்சியின் ருசி வராது, ஆனால் சிரிப்புக்குக் குறைவில்லை.

உங்கள் கடிதத்தை நோன்பு திறந்த பிறகு வாசித்தேன். வாசித்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

பெப்ரவரியில் நீங்கள் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் எழுதுகிறேன். ஓம், நானும் அந்தப் பட்டத்தை எடுத்தேன். அதைக் காட்டித்தான் மனேஜர் ஆனேன். ஏப்ரலில் புதிதாக வந்த அதிகாரி எல்லோருடைய பத்திரங்களையும் எடுத்துப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டு, “இது நீ படித்து எடுத்ததா?” என்று கேட்டார். உங்களிடம் கேட்டவர் மாதிரியே கோபமில்லாமல்தான் கேட்டார். நான் ஓம் என்றேன். எந்த நாட்டில் இருக்கிறது அந்தப் பல்கலைக்கழகம் என்றார். அதை நான் ஒருநாளும் பார்த்து வைக்கவில்லை ராத்தா. லண்டன் என்றேன். அவர் லண்டனில் படித்தவர்.

பழைய ஆள் என்று பாவம் பார்த்து ஊருக்கு அனுப்பவில்லை. திரும்ப ஸ்டோரில் ஆணி, போல்ட். மேசைப் பெயர்ப் பலகையை என் கையிலேயே தந்துவிட்டார்கள்.

உங்களுக்கு ஏன் எடுத்துத் தந்தேன் என்று பல நாள் யோசித்தேன். பாசம்தான், அது பொய்யில்லை. ஆனால் என்னுடையது உண்மை என்று நானே நம்புவதற்கு, நீங்களும் ஒன்று வைத்திருக்க வேண்டியிருந்தது. நீங்கள் பொய்யான ஒன்றைத் தொட மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் கையில் இருந்தால் அது நல்ல பட்டம் ஆகிவிடும் என்று நினைத்தேன்.

ஊரில் இன்னும் என்னை மனேஜர் என்றுதான் சொல்வார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதை நினைத்துத்தான் இந்த முறை லீவும் கேட்கவில்லை. நீங்களே முடிவு செய்யுங்கள்.

தம்பி,
மிஹ்லார்

*

சாய்ந்தமருது
14.09.2009

என் தங்கத் தம்பிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். எல்லோரும் சுகம். பெருநாளைக்குச் சின்னவளுக்கு நீ அனுப்பிய சட்டை அளவாக இருக்கிறது. வட்டிலப்பத்துக்குத் தேங்காய் பறித்தாகிவிட்டது. முழங்காலும் நோன்பு நோற்கிறதோ என்னவோ, சத்தம் இல்லை.

நானும் ஒலுவிலில் வெளிவாரியாகப் பதியப் போகிறேன். தங்கேஸ்வரி கூட வந்து காட்டித் தருகிறாள். கணக்குப் பாடம் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டேன். இருக்கிறதாம். பார்ப்போம், அது என்னைக் கொல்லுமா நான் அதைக் கொல்லுவேனா என்று.

உன் கடிதத்தை மச்சானிடம் வாசிக்கக் கொடுத்தேன். வாசித்துவிட்டு, “பொடியன் தனிய அனுபவிச்சிரிக்கான்” என்றார்.  அன்று இரவுத் தொழுகைக்குப் பிறகு வெகு நேரம் பள்ளியிலேயே இருந்துவிட்டு வந்தார்.

முடிவை என்னிடம் விட்டாய், நானும் முடிவு செய்துவிட்டேன். நேற்றுப் பின்னேரம் றுகையா நோன்புக் கஞ்சி கொண்டுவந்தாள். அவளிடம் சொன்னால் ஊர் முழுக்கச் சொன்ன மாதிரி, உனக்குத் தெரியும். “உன்ட தம்பி மனேஜர், இந்தப் பெருநாளைக்காவது வாறானா?” என்று கேட்டாள்.

“மனேஜர் இல்லகா” என்றேன். “அது செல்லாத பட்டத்தக் காட்டி எடுத்த வேல, போயிட்டு. முந்திப் பாத்த ஸ்டோர் வேலயத்தான் இப்பயும் பாக்கான்.”

சொல்லிவிட்டுக் கஞ்சிப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டேன்.

“சுகமா இரிக்கானா?” என்றாள்.

“ஓம்.”

“அப்ப வரச் சொல்லன்கா. பொடியனப் பாத்து எத்தின நாள்” என்றாள். பிறகு கஞ்சிப் பாத்திரத்தை நாளைக்குத் தந்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவ்வளவுதான் தம்பி. லீவு கேள்.

ராத்தா,
நதீரா